நுண்பல் துருவி: குச்சி ஐஸுக்குத் தோல் சீவ ஏற்றதா?

மரவேலை அரத்துக்குக் கைப்பிடி போட்டதுபோல இருக்கும் நீளத் துருவி இது. உண்மையிலேயே மைக்ரோபிளேன் நிறுவனம் 1990களில் மரம் இழைக்கத்தான் இதைச் செய்தது. ஆரஞ்சுத் தோலுக்கும் சரிப்படுகிறது என்று தெரிந்த பிறகு அடுக்களைக்கு வந்தது. இப்போது பல நிறுவனங்கள் இதே வடிவில் விற்கின்றன.

நாலு பக்கத் துருவியின் பொடித் துளைகள் தோலைக் கிழிக்கும். வாசனை எண்ணெயில் பாதி துருவியிலேயே தங்கிவிடும், வெள்ளைச் சதையும் சேர்ந்து வரும். கசப்பு அந்த வெள்ளையில்தான். இதன் பற்களோ மேல்தோலை மட்டும் சீவுகின்றன. ஒரு இடத்தில் ஒரே இழுப்பு. வெள்ளை தெரிந்தால் பழத்தைத் திருப்பிவிட வேண்டும். சாத்துக்குடிக்குப் பிரமாதம். நம்மூர் எலுமிச்சையில் தோல் மெல்லிசு, ஒரு பழத்துக்கு அரை டீஸ்பூன் தேறினாலே அதிகம். கமலா ஆரஞ்சுக்கு வேண்டாம்: தொளதொளத்த தோல் அழுத்தியதும் குழிந்துவிடும். எந்தப் பழமானாலும் சாறு பிழியும் முன்பே சீவிவிடுங்கள். மெழுகு பூசியதென்றால் முதலில் வெந்நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இவ்வளவு பொடியாகச் சீவிய துருவலை எப்போது சேர்ப்பது? கொதிக்கும் பாகில் போட்டால் மணம் வீட்டுக்குத்தான், ஐஸுக்கு இல்லை. 80 மில்லி அச்சு ஆறுக்கு 75 கிராம் சர்க்கரை எடுங்கள். பாதியை 60 மில்லி தண்ணீரில் கரைத்துச் சூடாக்கி, முழுவதும் ஆறவிடுங்கள். மீதிப் பாதியில் ஒரு டீஸ்பூன் துருவலைப் போட்டு, சர்க்கரை ஈரமாகி நிறம் மாறும்வரை விரலால் கசக்குங்கள். சர்க்கரைப் பரல் உராய்ந்து எண்ணெய்ப் பைகள் உடையும். ஆறிய பாகில் 330 மில்லி தர்பூசணிச் சாறு, 30 மில்லி எலுமிச்சைச் சாறு, சிட்டிகை உப்பு. கசக்கிய சர்க்கரை கடைசியில்தான். உறைந்தபின் இனிப்பும் மணமும் மங்கும் என்பதால், ருசி பார்க்கும்போது கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும். கலவையை ராத்திரி முழுக்க வைத்திருந்தால் கசப்பு ஏறும். ஒரு மணி நேரம் குளிர்ந்ததும் அச்சில் ஊற்றிவிடுங்கள். உறையும்போது விரியும், மேலே அரை சென்டிமீட்டர் இடம் விடுங்கள்.

தர்பூசணி போன்ற நீர்த்த சாறில் துருவல் ஒரே முனையில் போய்ச் சேர்ந்துவிடும். முக்கால் மணி நேரத்தில் கலவை கூழானதும் குச்சியால் ஒரு கிளறு கிளறி, பிறகு குச்சியை நட்டால் பரவி நிற்கும். மாம்பழக் கூழுக்கு இந்தத் தொல்லை இல்லை, அந்தக் கெட்டியே தாங்கிக்கொள்ளும்.

பால் ஐஸுக்கு மட்டும் இந்தத் துருவி தேவையே இல்லை. எலுமிச்சைச் சாறு பாலைத் திரிய வைக்கும், தோல் வைக்காது. காய் சீவியால் பட்டையாக எடுத்த தோலை, அடுப்பை அணைத்த சூடான பாலில் போட்டு மூடி, 15 நிமிடம் கழித்து வடிகட்டினால் போதும். அதை மட்டும் செய்கிறவர்கள் காசை மிச்சப்படுத்தலாம்.

குறை என்றால், கழுவும்போது விரலைப் பதம் பார்க்கும். உறை இல்லாததை வாங்காதீர்கள். சீவியதும் பின்பக்கமிருந்து குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சுங்கள், துருவல் காய்ந்தால் பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும். கம்பி நார் போட்டுத் தேய்த்தால் பல் மழுங்கும்.

அச்சையும் பார்த்து வாங்குங்கள். அடியில் 6 என்று எண் போட்ட பாலிஸ்டைரீனை தோல் எண்ணெய் அரிக்கும், நாளடைவில் மங்கி விரிசல் விடும். 5 போட்டது பரவாயில்லை. சிலிகான் அச்சு உடையாது, ஆனால் மணத்தை உள்வாங்கிக்கொள்ளும். அடுத்த முறை அதில் பால் ஐஸ் ஊற்றினால் அதிலும் எலுமிச்சை வாசம் வரும்.