மாடித் தோட்டப் பை: துணியில் குறையில்லை, தையலில்தான் எல்லாம்

மாடித் தோட்டத்துக்கான எச்டிபிஈ பைகளின் (கெட்டியான பிளாஸ்டிக் இழையில் நெய்தவை) விலை இறங்கியிருப்பதைப் பார்த்து, இப்போது வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். தாம்பரத்தில் எங்கள் மொட்டை மாடியில் 15 அங்குல அகலமும் அதே உயரமும் கொண்ட இத்தகைய பைகளில்தான் சில ஆண்டுகளாகக் கத்தரியும் வெண்டையும் மிளகாயும் வளர்த்து வருகிறேன். ஆகவே துணியின் கனத்தைச் சொல்லும் ஜிஎஸ்எம் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு, வாங்கும்போது யாரும் சொல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

துணியைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. வெளியே வெள்ளையும் உள்ளே கருப்புமான பாலித்தீன் பைகள் சித்திரை வெயிலில் மொடமொடத்து விளிம்பில் கிழிந்துபோன அதே மாடியில், இந்த நெய்த துணி நிறம் மங்கியதே தவிர நைந்துபோகவில்லை. கத்தரிக்கு மாடியில் இதைவிட நல்ல இடம் இல்லை என்றே சொல்வேன். செம்மண், மட்கிய தொழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து, தண்ணீர் நிற்க மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் வேர் தாராளமாக இறங்குகிறது. காய்ப்பு ஓய்ந்ததும் கவாத்து செய்து உரமிட்டால் அதே செடி மறுபடி துளிர்த்துக் காய்க்கிறது. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். இல்லையேல் அதிலுள்ள உப்பு இளநாற்றின் இலை ஓரத்தைக் கருக்கிவிடும்.

என் கோபமெல்லாம் தையல் நூலின் மீது. அடித்துணியைப் பக்கத்தோடு சேர்க்கும் நூலும், கைப்பிடியைப் பிடித்திருக்கும் நூலும் வெயிலில் வெளுத்து, நகத்தால் கீறினாலே மாவாக உதிர்கின்றன. துணி வெயிலைத் தாங்க வேண்டும் என்று யோசித்துச் செய்தவர்கள், அதைத் தைக்கும் நூலைப் பற்றி ஏன் யோசிக்கவில்லை? ஈரக் கலவையோடு இந்தப் பை முப்பது கிலோவைத் தாண்டும். ஐப்பசி மழைக்கு முன் பைகளைச் சுவரோரம் ஒதுக்கும்போது ஒரு கைப்பிடி கையோடு வந்துவிட, பூவும் பிஞ்சுமாக நின்ற கத்தரி சாய்ந்து வேர் அறுந்து, இரண்டே நாளில் வாடிப்போனது. வேறு சிலவற்றில் அடித்தையல் பிரிந்து, தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் உரச்சத்து மண்ணோடு சேர்ந்து தளத்தில் வழிகிறது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், மண் நிரப்புவதற்கு முன்பே கோணி ஊசியில் தடித்த பாலியெஸ்டர் நூலைக் கோத்து அடியையும் கைப்பிடியையும் இரட்டைத் தையல் போட்டுக்கொள்வது நல்லது. நகர்த்த நேர்ந்தால் அடியில் கைகொடுத்து இருவராகத் தூக்குங்கள். பையைச் செங்கல் மேல் வைத்து, வடிகால் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொண்டால் மழைக்காலத்தில் வேர் அழுகும் வாய்ப்பு குறையும்.

காய்ப்பை மட்டும் பார்த்தால் வாங்கச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தயாரித்தவர் ஒழுங்காகத் தைத்துத் தர வேண்டியதை வாங்கியவர் உட்கார்ந்து தைக்க வேண்டியிருக்கிறது என்றால், விலை பாதியானாலும் வேண்டாம் என்றுதான் நண்பரிடம் சொன்னேன். தைப் பட்டத்துக்காக 20 லிட்டர் பெயின்ட் வாளிகளை நன்கு கழுவித் துளையிட்டு வைத்திருக்கிறேன். வெண்டைக்கு அது போதும், கத்தரிக்கு இடம் போதாது என்பது தெரிந்தும்.