யெல்லோஃபின் என்று சூரையைத் தலையில் கட்டுகிறார்கள்: தோலைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள்

மதுரையில் வீட்டுக்கே மீன் கொண்டுவந்து தரும் ஒரு கடையில் யெல்லோஃபின் டூனா துண்டு கேட்ட குடும்பத்துக்கு வந்தது டூனா இனத்திலேயே விலை குறைந்த சாதாரணச் சூரை. விலையோ சூரையைப்போல இரண்டு மடங்குக்கு மேல். துண்டுகளின் படம் எங்கள் தூண்டில் குழுவுக்கு வந்தது. முதுகுத் தோலில் சாய்வாக நெளியும் கருங்கோடுகள், செதிலே இல்லாத வழுவழுப்பு. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கடைக்காரரைக் கேட்டால், "எல்லாம் டூனாதான் சார், சாப்பிட்டுப் பாருங்க" என்றாராம்.

முழு மீனில் இந்த வேலை நடக்காது. சூரைக்கு முதுகின் பின்பாதியில் மட்டும் அந்த நெளிகோடுகள் இருக்கும். மார்புத் துடுப்புக்குக் கீழே வயிற்றோரம் சில கரும்புள்ளிகள். வரிச்சூரைக்கு முதுகு வெறுமை, வயிற்றில் தலையிலிருந்து வால்வரை ஓடும் 4 முதல் 6 கோடுகள். எலிச்சூரை சின்ன மீன். முதுகின் இரண்டு துடுப்புக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கும், மற்றவற்றில் இரண்டும் ஒட்டியே இருக்கும். கடற்கரையில் கேரை என்று சொல்லும் யெல்லோஃபினுக்கு இரண்டாம் முதுகுத் துடுப்பும் அதற்கு நேர் கீழ்த் துடுப்பும் மஞ்சள். வால்பக்கம் வரிசையாக நிற்கும் குட்டித் துடுப்புகளும் பளிச்சென்ற மஞ்சள்தான், விளிம்பில் மெல்லிய கறுப்பு. அரிவாள்போல நீண்ட துடுப்பைத் தேடாதீர்கள். அது வளர்ந்த மீனுக்குத்தான். குட்டி யெல்லோஃபினை அதனாலேயே பலர் சூரை என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஏமாற்று நடப்பது துண்டில். தலையும் துடுப்பும் போய்விட்டால் மிச்சம் தோல்தான், அதில் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. யெல்லோஃபினுக்கு உடம்பு முழுக்கப் பொடிச் செதில் உண்டு. சூரை, வரிச்சூரை, எலிச்சூரை மூன்றுக்கும் தலையை அடுத்த பகுதியிலும் பக்கக்கோட்டிலும் (உடம்பின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஓடும் கோடு) மட்டுமே செதில். ஆகவே வால்பக்கத் துண்டைக் கேட்டு வாங்கி, முதுகுத் தோலை வாலிலிருந்து தலைப்பக்கமாக நகத்தால் சுரண்டுங்கள். செதில் வராமல் வழுக்கினால் அது யெல்லோஃபின் அல்ல. தலைப்பக்கத் துண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள், அங்கே எல்லாவற்றுக்கும் செதில் இருக்கும். செதில் வந்தாலும் முழு நிச்சயம் இல்லை: பெருங்கண் டூனாவுக்கும் நீளவால் டூனாவுக்கும் செதில் உண்டு. அந்தக் கட்டத்தில் வெட்டாத மீனைக் காட்டச் சொல்வதுதான் வழி. தோலுரித்த துண்டை யெல்லோஃபின் விலைக்கு வாங்கவே வேண்டாம். சதை நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது. சூரையில் நடுமுள்ளை ஒட்டிய கறுஞ்சதை அதிகம்தான், ஆனால் அதைச் செதுக்கிவிட்டால் பழகாத கண்ணுக்குத் தெரியாது.

சூரை மட்டமான மீன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். புளி தூக்கலாக வைத்தால் குழம்புக்கு அருமை. மாசிக் கருவாட்டுக்குப் பெரும்பாலும் வரிச்சூரைதான். சூரையைச் சூரை விலைக்கு விற்றால் யாருக்கும் வழக்கில்லை.

விலையைவிடப் பெரிய ஆபத்து ஐஸ். தூத்துக்குடியிலிருந்தோ ராமேஸ்வரத்திலிருந்தோ மதுரைக்கு வருவதற்குள் ஐஸ் குறைந்தால், இந்த வகை மீன்களின் சதையில் இயல்பாக உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைப் பாக்டீரியா ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் பொருளாக மாற்றிவிடும். அப்படி உருவான ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் போகாது, திரும்ப ஐஸில் போட்டாலும் போகாது. நாற்றம் இல்லாமலும் இருக்கலாம். வாயில் மிளகுக் காரம்போல சுருக்கென்றால் துப்பிவிடுங்கள். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலைவலி, தடிப்பு, படபடப்பு வந்தால் மருத்துவரிடம் போய் என்ன மீன் என்பதையும் சொல்லுங்கள். தூண்டிலில் பிடிப்பவர்களுக்கும் இதே கணக்குதான்: ஏறியதும் செவுளை அறுத்து ரத்தம் வடித்து, கடல்நீர் கலந்த ஐஸில் முழுக அமுக்குங்கள். படகுத் தளத்தில் வெயிலில் கிடந்த மீனைப் பிறகு காப்பாற்ற முடியாது.

ஏமாந்துவிட்டால் மீனைக் கழுவும் முன்பே தோல் தெரியும்படி படம் எடுங்கள். மீன் பெயர் எழுதிய பில் இல்லாமல் வாங்காதீர்கள். வெறும் "டூனா" என்று பில் போட்டால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். ஒரு துண்டைத் தோலோடு ஃப்ரீசரில் வைத்துக்கொண்டு, 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம்.