பீத்தோவன் அஞ்சாவது சிம்ஃபனி: க்ளைபரா, கராயனா, ஃபுர்ட்வெங்லரா?

அஞ்சாவது சிம்ஃபனிக்கு எந்த ரெக்கார்டிங் வாங்கலாம்னு எவனாவது கேட்டா முக்கால்வாசி பேர் யோசிக்காம கார்லோஸ் க்ளைபர் நடத்தின வியன்னா ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா, 1974-னு சொல்லிடுவாங்க. நானும் ரொம்ப நாள் அதையே ஒப்பிச்சிட்டு இருந்தவன்தான். இப்பவும் அது தப்புன்னு சொல்ல வரல, ஆனா ஒரே ஒரு இடத்துல அவரையும் ஒருத்தர் முந்திடறார், அதப் பத்திதான் இவ்ளோ நீட்டி எழுதறேன்.

முதல்ல அந்த ஆரம்பம். த த த தாஆஆ-ன்னு ஊருக்கே தெரிஞ்ச அது நேரா அடியில விழறதில்ல, முன்னாடி ஒரு குட்டி இடைவெளி இருக்கு, நம்ம பாஷைல சொன்னா எடுப்பு தள்ளி, அப்புறம் மூணு சின்ன ஸ்வரம், நாலாவதுல கார்வை, அதாவது நீட்டிப் பிடிக்கறது. ரெண்டாவது தடவை வர்றப்ப அந்தக் கார்வைய பீத்தோவன் ஒரு பார் (தாளக் கட்டம்) கூடவே நீட்டி எழுதி வச்சிருக்கார். அத எவ்ளோ நேரம் பிடிக்கணும்னு கண்டக்டர், அதாவது ஆர்க்கெஸ்ட்ராவ நடத்தறவர் இஷ்டம், அங்கயே ஆள் யாருன்னு தெரிஞ்சிடும். க்ளைபர் பிடிச்ச உடனே விட்டுட்டு பாய்வார், மூச்சு விட நேரம் இருக்காது, ஆனா அவசரமாவும் தோணாது, காலப்பிரமாணம் (வேகம்) கம்பி மாதிரி நிக்கும். முதல் மூவ்மெண்ட் (சிம்ஃபனியோட நாலு பகுதில முதலாவது) நடுவுல எல்லாரும் நின்னுட ஓபோங்கற குழல் மட்டும் தனியா ஒரு வரி வாசிக்குமே, அங்க வியன்னாக்காரங்களோட அந்தத் தனி வகை ஓபோ சத்தம், கொஞ்சம் மெலிசா, அழற மாதிரி, அதுக்கே அந்த டிஸ்க்க வாங்கலாம்.

கராயன் 1962, பெர்லின் ஃபில்ஹார்மோனிக். இவர் அஞ்சாவத பல தடவை ரெக்கார்ட் பண்ணிருக்கார், அதுல பலரும் கை காட்டறது இதத்தான். பெர்லின்ல ஒரு சர்ச்சுக்குள்ள எடுத்தது, சத்தம் இன்னைக்கும் கேட்க அருமையா இருக்கு, வயலின் எல்லாம் ஒரே ஆள் வாசிக்கற மாதிரி. எனக்கு என்ன குறைன்னா எங்கயும் வியர்வை தெரியல, இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கு. அதுக்கு மேல கடைசி மூவ்மெண்ட்ல பீத்தோவன் திரும்ப வாசிங்கன்னு போட்ட இடத்த விட்டுட்டு நேரா போயிடறார். க்ளைபர் ஒழுங்கா திரும்ப வாசிக்கறார், அதுலயே கிட்டத்தட்ட ரெண்டு நிமிஷம் வித்தியாசம் வரும். இதெல்லாம் ஒரு பெரிய விஷயமான்னு கேட்பாங்க. எனக்குப் பெரிய விஷயம்தான், ஏன்னா அவ்ளோ கஷ்டப்பட்டு வெளிச்சத்துக்கு வந்துட்டு சட்டுன்னு கிளம்பிட்டா எப்படி.

க்ளெம்பரர் ஸ்டீரியோ, 1959, லண்டன் ஃபில்ஹார்மோனியா. மெதுவு. ரொம்ப மெதுவு. முதல் வயலின் இந்தப் பக்கம் ரெண்டாவது வயலின் அந்தப் பக்கம்னு உக்கார வச்சிருக்கறதால ரெண்டுக்கும் நடக்கற பேச்சு நல்லா தெரியும், ஆனா மூணு தடவைக்கு மேல என்னால முழுசா உக்கார முடியல.

இதுக்கு நேர் எதிர் கார்டினர், 1994-ல வந்த செட். குடல் நரம்பு கட்டின வயலின், வால்வு இல்லாத ஹார்ன் (பித்தளை ஊதுகருவி), 1817-ல பீத்தோவன் வெளியிட்ட மெட்ரோனோம் (வேகத்த அளக்கற கருவி) கணக்க ஒட்டின வேகம். முதல் மூவ்மெண்ட்ல ரெண்டாவது தீம் (மெட்டு) திரும்பி வர்றப்ப முன்னாடி ஹார்ன் வாசிச்ச அழைப்ப இந்தத் தடவ பீத்தோவன் பஸூனுக்கு (தடிச்ச சத்தக் குழல்) எழுதியிருப்பார், அந்தக் காலத்து ஹார்ன்ல அந்த ஸ்வரம் சரியா வராதுங்கறதால. அப்புறம் வந்த கண்டக்டர்கள் நிறைய பேர் அத ஹார்னுக்கே மாத்திட்டாங்க, கார்டினர் பஸூன்லயே விடறார். முதல்ல கேட்கறப்ப சப்புன்னு இருக்கும், நாலாவது தடவைல பிடிச்சுப்போயிடும்.

சரி, அந்த ஒரு இடத்துக்கு வர்றேன். மூணாவது மூவ்மெண்ட் முடியாமலே நாலாவதுக்குள்ள போற பாலம். வயலின் எல்லாம் சும்மா நீட்டிப் பிடிச்சிட்டு இருக்க, டிம்பனி (பெரிய முரசு) மட்டும் அடில தட்டிட்டே இருக்கும், சத்தம் ஏறவே ஏறாது, கடைசி சில பார்லதான் ஒரேடியா வீங்கி வெடிக்கும், அதுவரைக்கும் சும்மா உக்காந்திருந்த டிராம்போன்காரங்க அங்கதான் முதல் தடவையா ஊத ஆரம்பிப்பாங்க. க்ளைபர்ல இது பிரமாதமான கட்டுப்பாடு. ஆனா ஃபுர்ட்வெங்லர் 1947 மே கச்சேரில அந்த இடம் இசை மாதிரியே இல்ல, இருட்டுல யாரோ கதவத் தேடற மாதிரி இருக்கு. போர் முடிஞ்சு, நாஜி காலத்துப் பங்கு பத்தின விசாரணையெல்லாம் தாண்டி, ரெண்டு வருஷத்துக்கு மேல கழிச்சு அவர் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் முன்னாடி திரும்ப நின்ன கச்சேரி வரிசைல ஒண்ணு அது, அவங்களோட பழைய ஹால் 1944 குண்டுவீச்சுல தரைமட்டம். அந்த ஆளப் பத்தி என்ன கோவம் இருந்தாலும் (எனக்கு இருக்கு) அந்த வெடிப்பு வர்றப்ப கை தானா வால்யூமக் குறைக்கப் போய் பாதில நின்னுடும். மோனோ, சத்தம் கரகரன்னுதான் இருக்கும், கடைசில வேகம் தறிகெட்டு ஓடும். வாங்கறவங்க தேதியப் பாருங்க, மே 25, மே 27 ரெண்டு நாளோடதும் சுத்துது, நான் சொல்றது 27.

புதுசா கேட்கறவங்களுக்கு நான் இப்பவும் க்ளைபரத்தான் கொடுப்பேன். ஃபுர்ட்வெங்லர ராத்திரி ஹெட்ஃபோன்ல, வீட்ல எல்லாரும் தூங்கின அப்புறம்.