நீண்ட திரைவாழ்வுக்கு இரு வழிகள்: சௌகார் ஜானகியும் மனோரமாவும்

1950இல் வெளியான தெலுங்குப் படமான 'ஷாவுகாரு' மூலம் நாயகியாக அறிமுகமாகி, அப்படத்தின் பெயரையே அடைமொழியாகப் பெற்றவர் சௌகார் ஜானகி. மேடை நாடகத்திலிருந்து வந்து 1958இல் 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடத்தில் தொடங்கியவர் மனோரமா. நாயகியாக வந்தவருக்கு வயது ஒரு நெருக்கடி. நகைச்சுவையில் தொடங்கியவருக்கு அப்படியொரு காலக்கெடுவே இல்லை.

ஜானகி அந்த நெருக்கடியைத் துணிச்சலாகவே எதிர்கொண்டார். கண்ணீர் வேடங்களுக்கே உரியவர் என்று கருதப்பட்ட அவர், 1964இல் 'புதிய பறவை'யில் நவநாகரிகப் பாடகியாக வந்து அந்த எண்ணத்தைக் கலைத்தார். 1968இல் 'எதிர்நீச்சல்' படத்தில் பட்டு மாமியாகி, அக்கிரகாரத்துப் பேச்சில் கணவரைப் பாட்டாலேயே குடைந்தெடுத்தார். 1981இல் 'தில்லு முல்லு'வில் பொய்த் தாயாக நடிக்க ஒப்புக்கொண்டு, சமையலறை ஜன்னல் வழியே வீட்டுக்குள் ஏறிக் குதிக்கும் காட்சியில், நடுவயதின் கௌரவத்தையே அவர் நகைச்சுவையாக்கிக் காட்டுகிறார்.

மனோரமாவின் பலம் பேச்சு. 1968இல் மட்டும் 'பொம்மலாட்டம்' படத்தில் சென்னைத் தமிழும், 'தில்லானா மோகனாம்பா'ளில் ஜில் ஜில் ரமாமணியின் இழுத்துக் குழையும் நாடகக்காரிப் பேச்சும் அவர் நாவில் சரளமாகப் புரண்டன. பின்னர் 'சின்னத் தம்பி', 'சின்னக் கவுண்டர்' எனத் தாய் வேடங்களில் நிலைத்து, ஆயிரம் படங்களைக் கடந்தார். 'புதிய பாதை'க்காகத் தேசிய விருதும் பெற்றார்.

எண்ணிக்கையில் மனோரமாவே முன்னிற்கிறார். ஆயினும், ஒரே பிம்பத்துக்குள் அடைபடாமல் தப்பித்த சாமர்த்தியத்தைப் பார்த்தால், என் தேர்வு, ஒரு நூலிழையில், ஜானகிதான். பத்மஸ்ரீ மனோரமாவுக்கு 2002இலேயே கிடைத்துவிட்டது. மூத்தவரான ஜானகி அதற்கு 2022 வரை காத்திருந்தார்.