ஸ்லீவா, பைபாஸா? வார்டில் நின்று பார்த்தது

வேலூரில் ஒரு மருத்துவமனையின் அறுவை சிகிச்சை வார்டில் 22 வருடம் நர்ஸாக இருந்தேன். எடை குறைப்பு ஆபரேஷனுக்கு அட்மிட் ஆனவர்கள் முதல் நாள் ராத்திரி தூக்கம் வராமல் கேட்பது ஒரே கேள்விதான்: "சிஸ்டர், ஸ்லீவ் நல்லதா, பைபாஸ் நல்லதா?" பைபாஸ் என்ற சொல்லைக் கேட்டதும் துணைக்கு வந்த மாமியார் நெஞ்சில் கை வைப்பார். "இதயத்துக்கு இல்லம்மா, குடலுக்கு" என்று சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிப்பேன். ஸ்லீவ் என்றால் இரைப்பையை வெட்டிக் குறுக்குவது. பைபாஸ் என்றால் இரைப்பையில் ஒரு சின்னப் பையைப் பிரித்து அதில் குடலை இணைப்பது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது: பேண்ட். இரைப்பையின் மேல்பக்கம் சிலிகோன் வளையம் மாட்டி, தோலுக்கடியில் ஒரு சின்ன போர்ட் வைத்து, அதில் ஊசியால் உப்புநீர் ஏற்றி இறுக்குவார்கள். இரைப்பையை வெட்ட வேண்டியதில்லை, வேண்டாமென்றால் கழற்றலாம் என்பதால் எல்லோருக்கும் பிடித்தது. ஆனால் வளையம் நழுவும், சிலருக்கு இரைப்பைச் சுவரையே அரித்துவிடும். இறுக்கவும் தளர்த்தவும் திருப்பத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்த ஒரு அம்மா, கடைசியில் அதை எடுத்தே விட்டார். அதனால் பேண்டைப் போட்டியில் சேர்க்கவில்லை.

பைபாஸ்தான் மூத்தது. 1960களில் அமெரிக்காவில் எட்வர்ட் மேசன் தொடங்கியது. அப்போது வயிற்றைத் திறந்து செய்தார்கள். 1994க்குப் பிறகு லேப்ராஸ்கோபியில், அதாவது சின்னத் துளைகள் வழியாகச் செய்வது வந்தது. ஸ்லீவ் பிறந்த கதை வேறு. மிக அதிக எடை உள்ளவர்களுக்கு ஒரு பெரிய ஆபரேஷனை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியாக இரைப்பையை மட்டும் குறுக்கி அனுப்பினார்கள். கொஞ்சம் இளைத்து வரட்டும், மீதியை அப்புறம் செய்யலாம் என்று எண்ணம். பலருக்கு அந்த மீதி தேவைப்படவே இல்லை. முதல் பாதியே தனி ஆபரேஷன் ஆனது அப்படித்தான்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் ஸ்டேப்லரால் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு நீளக் குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால் பசி அடங்கும். குடலைத் தொடுவதில்லை. ஆனால் வெட்டியது வெட்டியதுதான், திரும்ப ஒட்டவைக்க முடியாது. பைபாஸில் எதையும் வெட்டி எடுப்பதில்லை. மேலே 30 மில்லி கொள்ளும் அளவுக்குச் சின்னப் பை ஒன்றைப் பிரித்து, குடலைக் கொண்டுவந்து அதில் இணைப்பார்கள்.

சர்க்கரைக்காரர்கள் விஷயத்தில் பைபாஸைப் பார்த்து நான் அசந்துபோயிருக்கிறேன். எடை ஒரு கிலோகூடச் சரியாக இறங்கியிருக்காது, மூன்றாம் நாளே இன்சுலினைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சார்ட்டில் எழுதுவார். ஸ்லீவிலும் சர்க்கரை குறையும். ஆனால் ரொம்ப வருடமாகச் சர்க்கரை இருப்பவருக்கு என் ஓட்டு பைபாஸுக்கே.

நெஞ்செரிச்சலிலும் அப்படித்தான். 2018ல் வெளியான சுவிஸ் ஆய்வில், ஐந்து வருடம் கழித்து எடை இழப்பில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நெஞ்செரிச்சல் மோசமானது மட்டும் ஸ்லீவில் சுமார் 32 சதவீதம், பைபாஸில் 6 சதவீதம்.

அதற்காக பைபாஸ் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆற்காட்டுக்காரர் ஒருவர், ஆபரேஷன் ஆகி நாலு மாதத்தில், கல்யாண வீட்டில் ஒரே ஒரு மக்கன் பேடா சாப்பிட்டார். பாகில் ஊறியது. அரை மணி நேரத்தில் சட்டை முழுக்க வியர்வை, படபடப்பு, மயக்கம். இனிப்பு அப்படியே குடலுக்குள் கொட்டுவதால் வருவது இது. அடுத்த செக்கப்பில் அதைச் சொல்லும்போதும் அவர் கை நடுங்கியது. இரும்பு, கால்சியம், பி12 மாத்திரைகளையும் ஆயுள் முழுக்க விடக் கூடாது. ஸ்லீவுக்கும் மாத்திரை உண்டுதான், ஆனால் பைபாஸில் விட்டால் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை போடுகிறவருக்கும், பீடி சிகரெட்டை விட முடியாதவருக்கும் இணைப்பில் புண் வரும். இவர்களுக்கும், செக்கப்புக்கு வர வழியில்லாதவர்களுக்கும் ஸ்லீவ்தான் பொருந்தும்.

2025ல் மவுன்ஜாரோ என்ற எடை குறைப்பு ஊசி இந்தியாவுக்கு வந்தபிறகு "ஊசியே போதுமே" என்கிறார்கள். நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்புகிறது.

ஸ்லீவ் என்று முடிவாகியிருந்தால், நெஞ்செரிச்சல் உங்களுக்கு உண்டா இல்லையா என்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டு, எண்டோஸ்கோபி பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள். ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்னாலேயே கேளுங்கள்.