ராமநாதபுரத்திலிருந்து தீம் பார்க் போக மதுரையா, கொச்சியா, சென்னையா?

பரீட்சை முடிந்து லீவு விட்டதும் நம்ம கடற்கரைப் பக்கம் வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான். மண்டபத்திலும் சரி, கீழக்கரையிலும் தொண்டியிலும் சரி, பிள்ளைகளுக்குத் தீம் பார்க் போகணும். மாவட்டத்துக்குள் பெரிய பார்க் எதுவும் கிடையாது, அதனால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பாதி நாள் ரோட்டிலோ ரயிலிலோ போய்விடும். ஆனால் பெரும்பாலும் டிக்கெட் விலையை மட்டும் வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். பார்க்குக்குள் எத்தனை மணி நேரம் கிடைக்கும், அதற்காக எத்தனை மணி நேரம் பயணம், கூட வருகிறவர்களில் யார் யார் நிஜமாகவே ரைடு ஏறுவார்கள், இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு பல சமயம் தலைகீழாக மாறிவிடும்.

முதலில் மதுரை. அதிசயம் பார்க் இருப்பது பரவையில், திண்டுக்கல் ரோட்டில். ராமநாதபுரத்திலிருந்து மதுரை 110 கிலோமீட்டர் சொச்சம், ராமேஸ்வரத்துக்காரர்கள் இன்னும் 55 கிலோமீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். பரமக்குடி தாண்டினால் நாலுவழிச் சாலை, ஓட்டம் சுகமாக இருக்கும். பார்க் மதுரைக்கு அந்தப் பக்கம் என்பதால் வேனில் போகிறவர்கள் ஊருக்குள் நுழையாமல் ரிங் ரோட்டைப் பிடித்துக்கொண்டால் காலை நெரிசலில் மாட்ட வேண்டாம். பஸ்ஸில் போனால் மாட்டுத்தாவணியில் இறங்கி, ஆரப்பாளையம் போய், அங்கிருந்து பரவை பக்கம் போகிற பஸ் பிடிக்க வேண்டும், கைக்குழந்தை இருந்தால் இது ஒரு அலைச்சல்தான். விடியற்காலையில் கிளம்பி ராத்திரி வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம், தங்கும் செலவு இல்லை. இதன் பெரிய பலமே இதுதான். பலவீனமும் தெளிவு: ரைடுகள் சின்னவை, பதினைந்து வயதுப் பையனுக்கு மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

கொச்சி வொண்டர்லா வேற லெவல். 2000-ல் வீகாலேண்ட் என்ற பெயரில் திறந்தது, வி-கார்டு கம்பெனியின் கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி தொடங்கியது, நம்ம ஊரில் இன்னமும் சிலர் வீகாலேண்ட் என்றேதான் சொல்கிறார்கள். காக்கநாட்டுக்குப் பக்கத்தில் பள்ளிக்கராவில் இருக்கிறது. பராமரிப்பு, சுத்தம், பாதுகாப்புக்கு நிற்கிற ஆட்கள் எல்லாம் நல்ல தரம். சிக்கல் வழிதான். தேனி, குமுளி வழியாக மலை ஏறி இறங்கினால் வேனில் பாதிப்பேருக்கு வாந்தி, அப்படிப் போய்ச் சேர்ந்த பிள்ளையைச் சுழல்கிற ரைடில் ஏற்றுவது பாவம். ரயில் என்றால் அமிர்தா எக்ஸ்பிரஸ் இப்போது ராமேஸ்வரம் வரை வருகிறது, மதியம் ஏறினால் நள்ளிரவை ஒட்டி எறணாகுளம், அந்த நேரத்தில் இறங்கி லாட்ஜ் தேட முடியாது, முன்கூட்டியே ரூம் போட்டுவிட வேண்டும். ஆக, கொச்சி என்றால் குறைந்தது இரண்டு ராத்திரி. ஒரு நாள் பார்க்குக்காக மட்டும் அவ்வளவு தூரம் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். போடிமெட்டு வழியாக மூணாறு ஏறி, ஒரு ராத்திரி தங்கி, அடுத்த நாள் அடிமாலி வழியாகக் கொச்சி இறங்கினால் சரியாக இருக்கும். ஜூன், ஜூலையில் இங்கே நமக்கு வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போது அங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும், இடி மின்னல் வந்தால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். இங்கத்தி வானத்தைப் பார்த்து அங்கே டிக்கெட் போடாதீர்கள்.

சென்னைக் கணக்கு 2025 டிசம்பரில் மாறிப்போனது. திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா திறந்துவிட்டார்கள். அங்குள்ள தஞ்சோரா ரோலர் கோஸ்டர் சுவிட்சர்லாந்தின் போலிகர் அண்ட் மாபிலார்ட் செய்தது, இந்தியாவில் அந்தக் கம்பெனியின் முதல் கோஸ்டர் அதுதான். இருக்கை தண்டவாளத்துக்குக் கீழே தொங்கும், கால் அந்தரத்தில் ஆடும். தூரம் கொச்சியைவிட அதிகமாக இருந்தாலும் எனக்குச் சென்னைதான் மேல் என்று படுகிறது, காரணம் ராத்திரி ரயில். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து ராமேஸ்வரத்திலிருந்தே திரும்பவும் ரயில் ஏற முடிகிறது, அதற்கு முன் இரண்டு வருஷத்துக்கு மேல் மண்டபம் வந்து ஏறிக்கொண்டிருந்தோம். போட் மெயிலில், அதாவது ராமேஸ்வரம்-சென்னை எழும்பூர் ராத்திரி ரயிலில் படுத்தால் விடியும்போது செங்கல்பட்டு. எழும்பூர் வரை போய்த் திரும்பி வர வேண்டாம், செங்கல்பட்டிலேயே இறங்கினால் திருப்போரூருக்கு நேர் ரோடு இருக்கிறது. பார்க் திறக்க முற்பகல் ஆகிவிடும் என்பதால் குளித்துக் கிளம்பி, திருப்போரூர் கந்தசுவாமி கோயிலைப் பார்த்துவிட்டு, அளவாக டிபன் சாப்பிட்டுப் போக நேரம் இருக்கும். திரும்புவதற்கு சேது எக்ஸ்பிரஸ் ஆகாது, அது மாலையிலேயே கிளம்பிவிடும். போட் மெயில் செங்கல்பட்டுக்கு இரவு எட்டு மணிவாக்கில் வரும், பார்க்கிலிருந்து ஆறு மணிக்குள் வெளியே வந்தால் பிடித்துவிடலாம். முன்பதிவு செய்யும்போதே ஏறும் இடம் செங்கல்பட்டு என்று போட்டுக்கொள்ளுங்கள், நேரத்தையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள். கோடை லீவில் இந்த ரயிலில் இடம் கிடைப்பதே பெரிய பாடு, பார்க் டிக்கெட்டுக்கு முன்னால் ரயில் டிக்கெட்டைப் போடுங்கள்.

சென்னை ஈசிஆரில் விஜிபியும் முட்டுக்காடு எம்ஜிஎம்மும் பழைய பார்க்குகள். சொந்தக்காரர் வீட்டுக்குச் சென்னை போயிருக்கும்போது ஒரு நாள் போகலாம், இங்கிருந்து அதற்காகவே கிளம்ப வேண்டியதில்லை. மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரும் அப்படித்தான், ஊட்டி போகிற வழியில் இருக்கிற நல்ல தண்ணீர்ப் பூங்கா, அவ்வளவே.

இனி யாருக்கு எது என்று பார்க்கலாம், கிளம்புவதற்கு முன் பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளந்துவிடுங்கள். வொண்டர்லாவில் டிக்கெட்டே உயரத்தை வைத்துத்தான்: 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், 140 வரை சிறுவர் டிக்கெட். பயங்கரமான ரைடுகளில் பலவும் 140-ஐத் தொடாத பிள்ளையை ஏற்றாது, அழுதாலும் கெஞ்சினாலும் ஏற்ற மாட்டார்கள், அது சரியும்கூட. வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் 130-க்குள் என்றால் சென்னைக்கும் கொச்சிக்கும் கொட்டுகிற காசு வீண், மதுரையே போதும். ரைடு ஏறாத அப்பத்தாவுக்கும் நுழைவு டிக்கெட் எடுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பத்துப் பேரில் நாலு பேர் நிழலில் பை காத்துக்கொண்டு உட்காரப் போகிறார்கள் என்றால் அந்த நாலு டிக்கெட்டும் சேர்ந்துதான் செலவு.

தண்ணீர் விஷயத்தில் நமக்கென்று ஒரு கணக்கு உண்டு. ஒரு பக்கம் பெண்கடல் (பாக் நீரிணை), மறுபக்கம் ஆண்கடல் (மன்னார் வளைகுடா), நடுவில் வளர்ந்த பையன்களுக்கு அலைக்குளம் பெரிய அதிசயம் இல்லை, அவர்களுக்கு வேண்டியது கோஸ்டர். ஆனால் பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களை விட்டால், நம்ம வீட்டுப் பெண்களில் எத்தனை பேர் ஆசை தீரக் கடலில் இறங்கியிருக்கிறார்கள்? சுற்றி ஆள் பார்க்கிற கரையில் அவர்களால் இறங்க முடிவதில்லை. பார்க்கில் அம்மாவும் அத்தையும் சித்தியும் குளத்தில் இறங்கி ஒருத்தர் மேல் ஒருத்தர் தண்ணீர் அடிப்பதைப் பார்க்கும்போது அந்த டிக்கெட் காசு செரித்துவிடும். அதனால் பெண்கள் அதிகம் போகிற கூட்டம் என்றால் தண்ணீர்ப் பகுதி நன்றாக இருக்கும் இடமாகப் பாருங்கள், கோஸ்டரை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். உடை முக்கியம். பருத்திச் சுடிதார், சேலை, பர்தாவோடு குளத்தில் விட மாட்டார்கள், நைலான் மாதிரி துணிதான் வேண்டும். முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது, ஊரிலேயே வாங்கிக்கொண்டு போனால் பார்க் வாசலில் அளவு சரியில்லாததை வாங்கி அவதிப்பட வேண்டாம்.

எந்த நாள் போவது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக் குடும்பங்களுக்கு அப்போதுதான் ஓய்வு, பிள்ளைகளுக்கும் லீவு. ஊர் உலகமெல்லாம் பார்க்குக்குப் படையெடுக்கிற நேரமும் அதுதான். ஆனால் நமக்கு ஒரு வசதி, ஆபீஸ் வேலைக்காரர்கள் மாதிரி ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. செவ்வாய், புதன் பார்த்துப் போங்கள். வொண்டர்லாவில் வாரநாள் விலையும் குறைவு, வரிசையும் குறைவு. சனி, ஞாயிறு தவிர வழியே இல்லையென்றால் மட்டும் வரிசையில் நிற்பதைக் குறைக்கும் ஃபாஸ்ட்ராக் பாஸ் போடுங்கள், வாரநாளில் அது தேவைப்படாது.

உள்ளே போனதும் எல்லாரும் வாசலுக்குப் பக்கத்து ரைடில் குவிவார்கள். நீங்கள் நேரே கடைசிக்குப் போய் அங்கிருந்து முன்னால் வாருங்கள். தண்ணீர்ப் பகுதி பொதுவாக நண்பகலுக்கு அப்புறம்தான் திறக்கும், அதற்குள் பெரிய கோஸ்டர்களை வெறும் வயிறும் இல்லாமல் நிறைந்த வயிறும் இல்லாமல் முடித்துவிடுங்கள். வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள், புளிச்சோறும் முட்டையும் கட்டிக்கொண்டு போனால் வேனில் வைத்து நுழைவதற்கு முன் கொஞ்சம், வெளியே வந்த பிறகு மீதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். நகையை வீட்டில் வையுங்கள்.

ஐந்து வயதுக்குக் கீழே மட்டும்தான் பிள்ளைகள் என்றால் இந்த வருஷம் எங்கேயும் போக வேண்டாம் என்பேன். அரியமான் கடற்கரையில் சவுக்கு நிழலில் ஒரு நாள், காரங்காட்டில் வனத்துறைப் படகில் அலையாத்திக் காட்டுக்குள் ஒரு சுற்று, கொஞ்சம் பெரியவர்களுக்குப் பிரப்பன்வலசையில் துடுப்புப் படகு, செலவு பெட்ரோலோடு முடிந்துவிடும்.

வேன் பேசுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. மதுரை போய்வருகிற அன்று மூன்று மணிக்கே எழுந்த டிரைவர்தான் ராத்திரியும் ஓட்டப் போகிறார். பகலில் அவரைக் கடைக்கு, அங்கே இங்கே என்று அனுப்பாதீர்கள். நிழலான இடத்தில் வண்டியைப் போட்டுவிட்டு நாலு மணி நேரமாவது தூங்கச் சொல்லுங்கள், சாப்பாட்டுக்குத் தனியாகக் கையில் காசு கொடுங்கள். பரமக்குடிக்கு இந்தப் பக்கம் வருகிற ரெண்டுவழி ரோட்டில் எதிரே லாரி விளக்கு கண்ணைக் கூசும் நேரத்தில் அவர் விழிப்போடு இருக்க வேண்டும்.