காரைக்குடியில் பிள்ளைகளுக்கு சைக்கிள் வாங்க ஒரு கடை

காரைக்குடி செக்காலை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப்பலகையில் பெயிண்ட் உரிந்து, 'சைக்கிள்' என்ற சொல்லும் பாதிச் சக்கரமும்தான் மிச்சம். யாரும் பெயர் சொல்லி விசாரிப்பதில்லை. ஓவராயில் பண்ணுகிற பெரியவர் கடை என்றால் ஆட்டோக்காரர்கள் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். போன கிறிஸ்துமஸுக்குத் தம்பி மகனுக்கு இங்கேதான் சைக்கிள் வாங்கினேன்.

அதற்கு முன்பு தம்பி ஆன்லைனில் ஒன்று வரவழைத்திருந்தான். அட்டைப்பெட்டியில் பாதி பூட்டியும் பூட்டாமலும் வந்தது. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் ஓடும் என்பது அவனுக்குத் தெரியாது. வலது பக்கம் திருகுவதுபோலவே திருகி, கிராங்கின் மரையே போய்விட்டது. பையன் ஏறி மிதித்தால் பெடல் கழன்று கையோடு வந்தது. அந்தச் சைக்கிள் இப்போது மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது.

பெரியவரிடம் போனதும் விலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பையனைச் செருப்பைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார், ஒரு 20 இஞ்ச் சைக்கிளில் உட்கார வைத்தார். கால் நுனிதான் தரையில் பட்டது. இறக்கிவிட்டு 16 இஞ்ச் வண்டியைக் கொண்டுவந்தார். இரண்டு பாதமும் நன்றாகப் பதிந்தது. அப்புறம் பிரேக்கைப் பிடிக்கச் சொல்லி, விரல் எட்டுகிறதா என்று குனிந்து பார்த்தார்.

"அண்ணே, அடுத்த வருசமே இது சின்னதாப் போயிருமே" என்றேன்.

"ஓட்டப்போறது இந்த வருசந்தானே தாயி" என்றார்.

விலை கூடுதலான வண்டியை விற்க வாய்ப்பிருந்தும் சின்னதை எடுத்துக் கொடுக்கிற கடைக்காரரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். அவர் சொன்னது எனக்கு உறைத்ததற்கு வேறு காரணமும் உண்டு.

1988 கிறிஸ்துமஸுக்கு எனக்கு வந்த சைக்கிள் இருபத்திரண்டு இஞ்ச், பார் வைத்தது. எனக்கு வயது ஒன்பது. அப்பா புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதினார். சீட்டு எடுத்த பணத்தில் காரைக்குடியில் ஹெர்குலிஸ் வாங்கி, பஸ் மேல் கேரியரில் போட்டுக் கொண்டுவந்து, ஆலைக் கிடங்கில் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். நடுச்சாமப் பூசைக்குப் போய்வந்த தூக்கம் கலையாமலே காலையில் என்னை "மில்லு வரைக்கும் வந்துட்டுப் போ" என்று கூட்டிப்போனார். புது வண்டி, ஆனால் சீட், ஹேண்டில்பார், மட்கார்டு எல்லாம் தவிடு. துடைக்கத் துடைக்கக் கருப்பு பெயிண்டும் தங்கக் கோடும் வெளியே வந்தன. அதற்குப் பிறகு எத்தனையோ புதுப்பொருள் வாங்கியாகிவிட்டது, புதுசு என்றால் என் மூக்குக்குத் தவிட்டு வாசனைதான்.

வளர்கிற பிள்ளைக்குப் பாவாடையில் மடிப்பு வைத்துத் தைப்பதுபோல்தான் அன்று சைக்கிளும் வாங்கினார்கள். தம்பி பெரியவனானால் அவனுக்கும் ஆகும் என்று அம்மாவுக்கு ஒரு கணக்கு. கால் எட்டாததால் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல். பார் மேல் ஏறத் தைரியம் வந்தபோது அப்பா இரண்டு பெடலிலும் மரக்கட்டை வைத்துக் கட்டிக் கொடுத்தார். எங்கள் தெருவில் பெண்பிள்ளை பார் வண்டி ஓட்டுவதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. மூன்று வருடம் கழித்து, பக்கத்துப் புதுக்கோட்டையில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் வந்து ஆயிரக்கணக்கான பெண்கள் கிடைத்த வண்டியில், பார் வைத்ததிலும் ஏறிப் பழகினார்கள். அப்போது அப்பா பேப்பரை விரித்து அந்தச் சிரித்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினார்.

இன்னொரு சங்கதி, எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்ததுதான்: 1949-ல் தொடங்கி அம்பத்தூரில் ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ சைக்கிள்களைச் செய்த டிஐ சைக்கிள்ஸ், முருகப்பா குழுமத்தின் கம்பெனி. அந்தக் குடும்பத்துக்கு ஊர், எங்கள் பக்கத்திலிருக்கும் பள்ளத்தூர். அப்பா இதை ஏதோ எங்கள் சொந்தக்காரர்கள் செய்து அனுப்பிய மாதிரி சொல்வார்.

டிசம்பர் 25 என்றால் மார்கழி. தெரு முழுக்கக் கோலம், நடுவில் சாணியில் செருகிய பூசணிப்பூ. பழகாத கையோடு அதன்மேல் ஏற்றாமல் ஓட்ட முடியாது. எதிர்வீட்டு ஆச்சி முகப்பிலிருந்தே கத்துவார்: "கோலத்து மேல ஏத்துன, சக்கரத்தைக் கழட்டிப்புடுவேன்!" மறுநாள் அதே ஆச்சிதான் கூப்பிட்டு, வெற்றிலை வாங்கிவர அனுப்பினார்.

சரி, கடைக்கு வருகிறேன். எங்கள் ஊர்களில் சைக்கிளுக்கு முதல் எதிரி செம்மண். மழை பெய்தால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு வண்டியை நகரவிடாது. குச்சி எடுத்து நோண்டி நோண்டியே என் பாதி மார்கழி போனது. இப்போது வரும் சின்னப் பிள்ளைகள் வண்டிகள் பலவற்றில் பிளாஸ்டிக் மட்கார்டு டயரை உரசுகிற மாதிரி இருக்கிறது. புதுவயலுக்குக் கொண்டுபோகிறோம் என்றதும் பெரியவர் தானாகவே வாஷர் போட்டு மட்கார்டைத் தூக்கி மாட்டினார்.

புது வண்டிதானே என்று அப்படியே தள்ளிவிடுவதும் இல்லை. வண்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றி, போக்ஸ் கம்பியை ஒவ்வொன்றாய் முறுக்கிக் கோட்டம் எடுத்தார். ஆக்சில் ஆடுகிறதா என்று பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பையன் பொறுமை இழந்து அழுதான், எனக்கும் உட்கார இடமில்லை. பக்கத்தில் மாட்டும் சின்னச் சக்கரங்கள் வேண்டாம் என்று அவரே சொன்னார். முதல் சில நாள் பெடல் இரண்டையும் கழற்றிவிட்டு, சீட்டை இறக்கி, காலால் தரையை உந்திப் போகட்டும், பேலன்ஸ் வந்தபின் பெடல் மாட்டலாம் என்றார். அப்படித்தான் செய்தோம். யாரும் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து வண்டியைக் கொண்டுவரச் சொல்கிறார், காசு வாங்குவதில்லை. புதுக் கம்பியும் பிரேக் ஒயரும் ஓட ஓடத் தளரும், அப்போது இறுக்கினால்தான் நிற்கும் என்கிறார். இதைத் தவறவிடாதீர்கள்.

குறை சொல்வதென்றால் கலர் அதிகம் கிடையாது. பையன் கேட்ட ஆரஞ்சு இல்லை, சிவப்பைத்தான் எடுத்தோம். கேட்டால்தான் பில் தருகிறார். மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை கதவு சாத்தியிருக்கும், போன் அடித்தாலும் எடுக்கமாட்டார். பேரம் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஞ்சர் ஒட்டப் போய்விடுவார். எங்களுக்கு ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே வந்தது, அந்த வேலைக்கு அது அதிகம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வேண்டுமென்றால் டிசம்பர் இரண்டாம் வாரமே போய்விடுங்கள். கடைசி நேரத்தில் போனால் அவசரத்துக்குப் பூட்டித் தரமாட்டேன் என்று திருப்பி அனுப்புகிறார். பெல்லுக்குத் தனிக் காசு.